கடலுக்காகக் கட்டிய என்ஜின்

பிஸ்டன் வளையத்தின் வாய் இடைவெளியை அளந்து பார்க்காமல் என்ஜினை மூடுகிறவனும், உப்புப் பார்க்காமல் குழம்பை இறக்குகிறவனும் ஒரே ரகம் என்பது கெனெய்ல்வே மொடிசானேயின் கட்சி. முதல் ரகத்து ஆட்கள் ஜோஹன்னஸ்பர்க்கை ஒட்டிய சோவெட்டோவில் தெருவுக்கு நாலு பேர் உண்டு. இரண்டாவது ரகம் அவளேதான். அதனால் அந்த வீட்டில் சமையல் அவள் கணவன் மொகெட்டேயின் கையில் இருந்தது. பள்ளிக்கூட அலுவலகத்தில் குமாஸ்தாவான மொகெட்டேவுக்கு ஒரு டயர் மாற்றத் தெரியாது. ஆனால் அவன் கோழிக் குழம்பு வைக்கிற நாளில் என்ஜின் பற்றி விசாரிக்க வருகிறவர்களின் கூட்டம் கொஞ்சம் அதிகமாக இருக்கும்.

மெடோலாண்ட்ஸ் பகுதி முழுக்க அவளுக்கு மா கெனே என்றுதான் பெயர். வயது நாற்பத்தொன்பது. வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட கராஜில், வட்டமடிக்கும் கார்களுக்கு என்ஜின் கட்டுவது அவள் தொழில். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சிமெண்ட் மைதானத்தைச் சுற்றி சனம் கூடிவிடும். ஊரார் குஷேஷே என்று செல்லமாகக் கூப்பிடும் பழைய ஆறு சிலிண்டர் கார் நடுவில் வந்து, முன்சக்கரம் நின்ற இடத்தில் நிற்க, பின்பக்கத்தை வீசி வீசிச் சுழலும். ஓட்டுகிறவன் ஜன்னல் வழியாக வெளியே வந்து கதவின் மேல் நின்று கையாட்டுவான். கார் தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். பின் டயர் இரண்டும் வெடித்தால்தான் ஆட்டம் முடிந்ததாகக் கணக்கு.

அந்த ஏழெட்டு நிமிடமும் என்ஜின் உச்சக் குரலில் கத்திக்கொண்டே இருக்க வேண்டும். கம்பெனிக்காரன் போட்டுத் தரும் உறுப்புகள் ஆபீசுக்குப் போய்வரச் செய்யப்பட்டவை. அவற்றை நம்பி மைதானத்தில் இறங்கினால் மூன்றாவது ஞாயிறே உள்ளே ஏதாவது ஒன்று உடைந்து வெளியே எட்டிப்பார்க்கும். மா கெனே அந்த என்ஜினை அக்கக்காகப் பிரிப்பாள். வார்ப்பு பிஸ்டன்களை எடுத்துவிட்டு, காய்ச்சி அடித்த பிஸ்டன்களைப் போடுவாள். கனெக்டிங் ராடுகளும் அப்படியே. வால்வு ஸ்பிரிங்குகளை விறைப்பானவையாக மாற்றுவாள். கேம்ஷாஃப்ட்டை அதிகக் காற்றைக் குடிக்க விடுகிற மாதிரி மாற்றுவாள். பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே எண்ணெய்க்கு விட வேண்டிய இடத்தை ஒரு மில்லிமீட்டரின் நூறில் இத்தனை பங்கு என்று அளந்து வைப்பாள். அளந்ததை மறுநாள் காலையில் குளிர்ச்சியில் இன்னொரு தடவை அளப்பாள்.

அவளிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஆறு பிஸ்டனும் உள்ளே போன பிறகு, ஹெட்டை மூடுவதற்கு முன், வண்டிக்காரனை வரச் சொல்லுவாள். கையைக் கழுவச் சொல்லி, கிராங்கை மூன்று சுற்று அவனையே சுற்றச் சொல்லுவாள். "எங்கயாவது தட்டுதா? தட்டினா இப்பவே சொல்லு. மூடினதுக்கப்புறம் நீ ஓட்டற ஆளு, நான் திட்டற ஆளு" என்பாள். எவ்வளவு பெரிய சண்டியனும் அந்த நேரத்தில் பள்ளிக்கூடப் பிள்ளை போல மூச்சைப் பிடித்துக்கொண்டு சுற்றுவான்.

இந்தக் கையை அவள் பெற்றது ஒரு பஸ் டிப்போவில். கூட்டிப் பெருக்கச் சேர்ந்தவள், பிறகு உறுப்புகளை மண்ணெண்ணெயில் கழுவினாள், பிறகு அளக்கத் தொடங்கினாள். பதினேழு வருடம் டீசல் என்ஜின்கள். டிப்போவை மூடியபோது மற்றவர்கள் அழுதுகொண்டு போனார்கள்; அவள் தன் மைக்ரோமீட்டரைத் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, கராஜிலிருந்த மொகெட்டேயின் பழைய சோபாவைத் தெருவில் எடுத்துப் போட்டாள். அடுத்த வாரமே முதல் என்ஜின் வந்தது.

மா கெனே கட்டின என்ஜின் திரும்பி வந்ததில்லை என்று ஊரில் ஒரு பேச்சு. அந்தப் பேச்சுக்காகத்தான் ஆட்கள் பிரிட்டோரியாவிலிருந்தெல்லாம் வந்தார்கள். ஒன்றே ஒன்று திரும்பி வந்தது. அது அவளுக்குத் தெரியும், சென்சோ செலே என்கிற ஆளுக்குத் தெரியும்.

அது நடந்து எட்டு வருடம். டிசம்பர் பிறந்தால் ஜோஹன்னஸ்பர்க் மேட்டில் பாதி வீடு பூட்டிக் கிடக்கும். பிழைக்க வந்தவர்கள் எல்லோரும் சொந்த ஊருக்குப் போவார்கள். போனால் மட்டும் போதாது. எப்படிப் போகிறான் என்று ஊர் பார்க்கும். டாக்ஸி வேன் ஓட்டிக்கொண்டிருந்த சென்சோவுக்கு அப்போது இருபத்தாறு வயது. தென்கரையில் கடலோரம் கரும்புக் காட்டுக்கு நடுவே அவன் ஊர். அங்கே கொண்டுபோய் அப்பா முன்னால் சுழற்றிக் காட்டுவதற்காக அவளிடம் என்ஜின் கட்டக் கொடுத்தான். இறுக்கமாகக் கட்டு, எவ்வளவு இறுக்க முடியுமோ அவ்வளவு, என்றான். கட்டினாள். வழியனுப்பும்போது வாய் வேறு சும்மா இருக்கவில்லை.

"கீழ காத்து கெட்டியா இருக்கும்டா. இங்க இழுக்கறதை விட அங்க இன்னும் நல்லா இழுக்கும், பாரு" என்றாள்.

கடலோர டர்பனுக்குப் போய்த் திரும்பும் பஸ் டிரைவர்கள் பதினேழு வருடமும் அவளிடம் அதைத்தான் சொல்லியிருந்தார்கள். கீழே இறங்கினால் பஸ் பறக்கிறது என்பார்கள். அது டீசல். டீசலுக்குக் கெட்டிக் காற்று விருந்து. மேட்டுக் காற்றுக்காக இறுக்கிய பெட்ரோல் என்ஜினுக்கு அதுவே எமன். பெட்ரோல் தன் நேரத்துக்கு முன்னாலேயே வெடிக்க ஆரம்பிக்கும், பிஸ்டன் தலையில் சுத்தியலால் அடித்த மாதிரி. கடலையே பார்க்காமல் மேட்டிலேயே என்ஜின் கட்டுகிறவர்கள் மட்டும் செய்யக்கூடிய தப்பு அது. ஊரார் அத்தனை பேரும் கூடி நின்றபோது, ஐந்தாவது நிமிடத்தில் உள்ளே மடாரென்று ஒரு சத்தம், பின்னால் நீலப் புகை. சென்சோவின் அப்பா நாற்காலியில் இருந்தபடி சிரித்தார். "எம் பையன் ஊர் பார்க்க ஒரு என்ஜினைக் கொன்னுட்டான்" என்றார்.

ஜனவரியில் சென்சோ வந்து, துணியில் சுற்றிய பிஸ்டனை அவள் மேஜைமேல் வைத்தான். "உடைஞ்சிருச்சு, மா" என்றான். அதோடு கிளம்பிப் போய்விட்டான். பிஸ்டனின் விளிம்பில் மணல் வாரி இறைத்தது போலப் பொத்தல். வளையம் உட்காரும் திட்டு உடைந்திருந்தது. இரண்டாவது தடவை திருப்பிப் பார்த்தபோதே அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் ஊருக்குள் செய்தி வேறு மாதிரி வந்தது. சென்சோ கண்மண் தெரியாமல் முறுக்கி உடைத்துவிட்டானாம். சொன்னவனே சென்சோதான். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள். அவள் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. தொழில் சூடுபிடித்த நேரம், பெயர் பரவுகிற நேரம். அந்தப் பிஸ்டனை மேஜையின் அடித்தட்டில் தள்ளினாள். அதைப் பார்த்த நாளெல்லாம் அவளுக்கு நெஞ்சில் முள் தைத்தது. பெரிய யோக்கியதைக்காரி மாதிரி அதை மறைக்க வேண்டாம். தைத்தது, ஆனாலும் எட்டு வருடம் பேசாமல்தான் இருந்தாள்.

இந்த வருடம் செப்டம்பரில் சென்சோ மறுபடி வந்தான். முப்பத்துநாலு வயது, முன்நெற்றி ஏறியிருந்தது. டிரெய்லரில் அதே சிவப்புக் கார், எட்டு வருடம் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது.

"மா கெனே, என்ஜின் கட்டணும்."

"மைதானத்துக்கா?"

"ஊருக்கு. பாபாவுக்கு எழுபத்தெட்டு ஆயிருச்சு. நெஞ்சு சரியில்ல, அடுத்த கிறிஸ்துமஸ் இருப்பாரோ என்னவோ. போன வாரம் போன்ல, அந்தத் தகரடப்பா இன்னும் இருக்கா, இல்ல அதையும் புதைச்சுட்டியான்னு கேட்டார். கொண்டாறேன்னு சொல்லிட்டேன்."

"ரயில்வே கேட் டெபாட்சோவும்தான் என்ஜின் கட்டறான். அவன்கிட்ட போகாம என்கிட்ட ஏன் வந்தே?"

"நீங்கதான் அந்தப் பிஸ்டனைப் பார்த்தீங்க" என்றான் சென்சோ.

அவள் பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டாள். இந்தத் தடவை அந்தக் கார் அந்தக் கிழவர் முன்னால் டயர் வெடிக்கும்வரை சுற்றியாக வேண்டும்; அதற்குக் குறைவாக எதைச் செய்தாலும் தன் மைக்ரோமீட்டரைத் தொடத் தனக்கு யோக்கியதை இல்லை என்று அங்கேயே முடிவு செய்தாள். அதற்கு வழியும் தெரிந்திருந்தது. எட்டு வருடமாக அவள் சும்மா இருக்கவில்லை. கடற்கரைப் பக்கத்து பந்தய மெக்கானிக்குகளுக்குப் போன் போட்டு, தெரியாதவள் போல் கேட்டுக் கேட்டு, கெட்டிக் காற்றின் குணத்தை மனப்பாடம் செய்து வைத்திருந்தாள்.

"முன்ன மாதிரி சிலிண்டர் காத்தைப் பன்னெண்டரையில ஒரு பங்கா இறுக்க மாட்டேன். பத்தரையில ஒரு பங்குதான்" என்றாள்.

"பத்தரையா? அதை வச்சு இங்க சுத்தவே முடியாதே, மா."

"இங்க காத்து மெலிசு. சிலிண்டர் முக்கால் வயித்துக்குத்தான் குடிக்குது. முக்கால் வயித்துக்காரனை எவ்வளவு இறுக்கிப் பிடிச்சாலும் தாங்குவான். கீழ போனா வயிறு முட்டக் குடிப்பான். அவனைப் புடிச்சு அதே மாதிரி அமுக்கினா என்னடா ஆகும்?"

சென்சோ சிரித்துவிட்டான். அவள் கராஜில் எட்டு வருடத்துக்குப் பிறகு அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை.

இரண்டு மாதம் வேலை நடந்தது. பிளாக்கின் சிலிண்டர்களை ஒரு சுற்று அகலக் கடைந்து வரச் செய்தாள். தலை தட்டையான பிஸ்டன்களாகப் பார்த்து வாங்கினாள். ஆறையும் தராசில் வைத்து, எடை கூடியதை அரத்தால் இழைத்து இழைத்து ஒரே எடைக்குக் கொண்டுவந்தாள். சுழலும்போது எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கி பம்பு வறண்டு போகாமல் இருக்க, எண்ணெய்த் தொட்டிக்குள் தடுப்புத் தகடுகளைத் தானே வெட்டிப் பற்ற வைத்தாள். நவம்பர் நடுவில் சென்சோ கையைக் கழுவிக்கொண்டு வந்து கிராங்கை மூன்று சுற்றுச் சுற்றினான். எங்கும் தட்டவில்லை. மூடினாள்.

ஊருக்குப் போகும் வண்டிகள் நவம்பர் கடைசி ஞாயிறு மைதானத்தில் ஒரு தடவை இறங்கிவிட்டுப் போக வேண்டும் என்பது அந்தப் பக்கத்து மரியாதை. சிவப்புக் காரும் இறங்கியது. சத்தம் சுத்தமாக இருந்தது. ஆனால் பலம் இல்லை. பின்பக்கத்தை ஒரு வீச்சு வீசும், அடுத்த வீச்சுக்கு யோசிக்கும். சென்சோ வெளியே எட்டிப் பார்ப்பதற்குள் கார் வேகம் இழந்து நேராகிவிட்டது. நாலு நிமிடம் போராடிவிட்டு, டயர் வெடிக்காமலே ஓரமாகக் கொண்டுவந்து நிறுத்தினான். சனம் கைதட்டவில்லை. அது ஊளையிடுவதைவிட மோசம்.

இதற்காகவே காத்திருந்த ஆள் டெபாட்சோ. ரயில்வே கேட் பக்கம் என்ஜின் கட்டுகிறவன், கைவேலை நன்றாகத் தெரிந்தவன், வாய்வேலை அதைவிட நன்றாக. அக்கா என்பதற்கு அவர்கள் சொல்லும் 'அவுசி'யை நீட்டி இழுத்து, நாலு பேர் கேட்கும்படி கேட்டான்.

"அவுசி கெனே, இது சர்ச்சுக்குப் போற என்ஜினா? ரொம்ப ஒழுக்கமா நடந்துக்குது."

"இது இங்க சுத்தறதுக்குக் கட்டினது இல்ல" என்றாள் அவள்.

"சரிதான். எந்த ஊர்ல சுத்தும்னு விலாசம் குடுத்தா, நாங்க பஸ் பிடிச்சுப் போய்ப் பார்ப்போம்."

மைதானம் கொல்லென்று சிரித்தது. கண்ணாடி மாட்டுகிற வயதாகிவிட்டது, அளவு தெரியவில்லை, என்று யாரோ பின்னால் சொன்னது அவள் காதில் விழுந்தது. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. ஜனவரிக்கு வேலை சொல்லி வைத்திருந்த இரண்டு பேர் அன்று டெபாட்சோவின் காரில் ஏறி வீட்டுக்குப் போனார்கள். அதை அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு, தன் கருவிப் பெட்டியை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கினாள். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் என்ஜின் விஷயத்தில் அவளுக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை.

சந்தேகம் சென்சோவுக்கு வந்தது. மறுநாள் காலை கராஜ் வாசலில் நின்றான்.

"மா, இன்னும் மூணு வாரம் இருக்கு. ஹெட்டைக் கொஞ்சம் சீவி, இறுக்கம் கூட மெலிசு கேஸ்கெட் போட்டா…"

"போட்டா இங்க கைதட்டுவாங்க."

"இங்க சிரிச்சுட்டாங்களே, மா. அங்கயும் இதே மாதிரி நின்னுடுச்சுன்னா பாபா முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?"

அவள் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். "நேத்து யாரைப் பார்த்துடா சிரிச்சாங்க? உன்னையா, என்னையா? எனக்குத்தானே விழுந்துச்சு அடி? நானே தொடச்சுட்டு நிக்கறேன். போன தடவை தெரியாம, பெரிய இவ மாதிரி பேசினேன். இப்ப தெரிஞ்சு பேசறேன். நம்பறியா, வண்டியைத் தொடாதே. நம்பலையா, ரயில்வே கேட்டுக்கு வழி உனக்கே தெரியும்."

சென்சோ வாசலை விட்டு உள்ளே வந்தான். "நீங்களும் ஊருக்கு வரணும்" என்றான்.

"வராம? அங்க வச்சு காது குடுத்துக் கேட்காம அதைச் சுத்த விட்டுருவேனா?"

டிசம்பர் இருபத்துமூன்றாம் தேதி மொகெட்டே கோழியும் அவித்த ரொட்டியும் கட்டிக் கொடுத்தான். "அப்படியே கடலையும் பார்த்துட்டு வா" என்றான். "கடல் எங்கயும் போகாது, என்ஜின்தான் போகும்" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினாள். சென்சோவின் கூட்டாளிகள் நாலு பேர், பின்னால் டிரெய்லரில் சிவப்புக் கார். மலைத்தொடர் இறக்கத்தில் காதடைத்தபோது மற்றவர்கள் கொட்டாவி விட்டார்கள். மா கெனே திருப்தியாகத் தலையாட்டினாள். காற்று கெட்டியாகிக்கொண்டிருந்தது.

மறுநாள் விடிந்ததும் கரும்புக் காட்டுச் சாலையில் அவள் வேலையைத் தொடங்கினாள். என்ஜின் பிளாக்கில் ஒரு செப்புக் குழாயைப் பூட்டி, அதிலிருந்து ரப்பர் டியூப் போட்டு ஜன்னல் வழியாக உள்ளே இழுத்து, அதன் முனையைக் காதுமூடிக்குள் செருகிக்கொண்டு சென்சோவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். உள்ளே பெட்ரோல் நேரம் தப்பி வெடித்தால், கூழாங்கல்லைத் தகரத்தில் போட்டுக் குலுக்கினது போல அந்தக் குழாயில் கேட்கும். மடிக்கணினியில் நெருப்பு விழும் நேரத்தை ஒரு புள்ளி முன்னே பின்னே நகர்த்தினாள். பெட்ரோலை ஒரு சொட்டு கூட்டினாள். "போ" என்பாள். சென்சோ மிதிப்பான். கேட்பாள். "திரும்பு" என்பாள். பதினோரு தடவை போய் வந்தார்கள். பதினோராவது தடவை காதுமூடியைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"இனி நீயாச்சு, உன் டயர் ஆச்சு" என்றாள்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள், கடைக்கு முன்னால் பஸ் திரும்பும் தார்த் திடலில் ஊர் கூடியது. சென்சோவின் அப்பா பாபா செலேயை நாற்காலியோடு தூக்கி வந்து நிழலில் வைத்தார்கள். எலும்பும் தோலுமாக இருந்தாலும் கோட்டும் தொப்பியுமாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கரும்புத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டினவர். ஒரே டிராக்டரை வேலையை விட்டு வரும்வரை ஓட்டினார், ஒரு நாளும் அதன் என்ஜினைத் திறக்க விட்டதில்லை. அந்தப் பெருமை அவருக்கு மகன்களைவிடப் பெரிது. என்ஜினை உடைத்தவனை அவர் மனிதர் கணக்கில் சேர்ப்பதில்லை.

சென்சோ இறங்கினான். முதல் வீச்சிலேயே திடல் ஓரத்துப் பிள்ளைகள் நாலடி பின்னால் போனார்கள். மேட்டில் யோசித்து யோசித்துத் திரும்பிய கார் இங்கே தன் வாலைத் தானே கடிக்கப் பாய்ந்தது. ஆறு சிலிண்டரும் வயிறு முட்டக் குடித்துக் கத்தின. ஐந்தாவது நிமிடம் வந்தது. மா கெனே கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். ஐந்தாவது நிமிடம் போயும் விட்டது. சென்சோ ஜன்னல் வழியாக வெளியே வந்து கதவின் மேல் நின்று, தொப்பியைக் கழற்றி அப்பா இருந்த திசைக்கு ஆட்டினான். எட்டாவது நிமிடம் வலது டயர் வெடித்தது, உடனே இடதும். புகை அடங்கியபோது என்ஜின் பூனை மாதிரி முனகிக்கொண்டு நின்றது. ஊரே எழுந்து ஆடியது. கூட்டாளிகள் நாலு பேரும் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அது அந்த நிமிடமே சோவெட்டோவின் போன்களில் நேரலையாக ஓடிக்கொண்டிருந்தது.

பாபா செலே மட்டும் கைதட்டவில்லை. மகனைக் கைத்தடியால் அருகே கூப்பிட்டார். சென்சோ வந்து அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தான்.

"அப்ப உனக்கு ஓட்டத் தெரியல. ஆளு முட்டாளா இருந்தே. இப்பத்தான் கத்துக்கிட்டிருக்கே" என்றார்.

"ஆமா, பாபா" என்று சென்சோ தலையைக் குனிந்தான்.

மா கெனே நினைத்த வேலை முடிந்துவிட்டது. பேசாமல் நின்றால் போதும், சாயந்திரத்துக்குள் டெபாட்சோவின் வாய் அடைத்துப் போகும், பெயர் முன்னைவிட இரண்டு மடங்காகும். அந்த 'ஆமா, பாபா'தான் அவளை நிற்கவிடவில்லை. முன்னால் போய், பெரியவர் முன்னால் பெண்கள் உட்காருவது போல காலை மடித்துத் தார்த்தரையில் உட்கார்ந்தாள். போன்கள் அவள் பக்கம் திரும்பின.

"பாபா, நான் கெனெய்ல்வே மொடிசானே. இந்த என்ஜினைக் கட்டினவ. அன்னைக்கு உடைஞ்சதையும் நான்தான் கட்டினேன். உங்க பையன் சரியாத்தான் ஓட்டினான். நான்தான் தப்பாக் கட்டினேன். எங்க மேட்டுக் காத்துக்குக் கட்டி உங்க கடல் காத்துக்கு அனுப்பிட்டேன். அது என் தப்புன்னு எனக்கு அந்த ஜனவரியிலயே தெரியும். எட்டு வருஷம் வாயைத் திறக்கல."

படம் எடுத்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவன் போனைத் தாழ்த்தினான். "எடுடா, எடு. நிறுத்தாதே. அங்கயும் கேட்கட்டும்" என்றாள் அவள்.

கிழவர் மகனிடம் திரும்பினார். "இது உனக்கும் தெரியுமா?"

"பிஸ்டனைக் கையில எடுத்தப்பவே தெரியும், பாபா."

"நான் உன்னைப் பார்த்து ஊர் முன்னால சிரிச்சேன். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிச்சேன். ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா அவங்ககிட்ட யாரும் என்ஜின் கட்ட வந்திருக்க மாட்டாங்க. அப்பத்தான் தொழில் ஆரம்பிச்சிருந்தாங்க. நீங்க என்னைப் பார்த்துச் சிரிச்சா, நான் உங்க பையன், தாங்கிக்கலாம்."

மா கெனே அழுதாள். மறைக்கவும் இல்லை, துடைக்கவும் இல்லை. ஒரு டாக்ஸி டிரைவரின் மௌனத்தில் எட்டு வருடம் சோறு தின்றிருக்கிறோம் என்று அவளுக்கு அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது.

பாபா செலே தொப்பியைக் கழற்றி முழங்கால்மேல் வைத்தார். "இந்த அம்மா தப்பை ஒத்துக்கிட்டா. அவ முட்டாள் இல்ல. இவன் தெரிஞ்சே வாயை மூடிக்கிட்டு இருந்தான். இவனும் முட்டாள் இல்ல." சுற்றிலும் நின்ற ஊரை ஒரு பார்வை பார்த்தார். "அப்ப மிச்சம் இருக்கறது நான் ஒருத்தன்தான்."

யாரும் சிரிக்கவில்லை. அவர் கையை நீட்டி மகனின் முன்தலையில் வைத்தார், முடி ஏறிப் போன இடத்தில். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்.

"டயர் வேற இருக்கா?" என்றார்.

"இருக்கு, பாபா. எதுக்கு?"

"மாட்டு. நான் ஏறணும்."

வீட்டுப் பெண்கள் நெஞ்சு, நெஞ்சு என்று ஓடி வந்தார்கள். அவர் காது கொடுக்கவில்லை. கூட்டாளிகள் டயரை மாற்றி முடிக்கும்வரை காரின் பக்கத்திலேயே கைத்தடியை ஊன்றி நின்றார். மா கெனே அவரை மெல்ல முன் இருக்கையில் உட்கார வைத்து, பெல்ட்டைக் குறுக்கே இழுத்துப் பூட்டி, இறுக்கம் சரியா என்று இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள்.

"மெதுவா ஓட்டுடா" என்றாள் சென்சோவிடம்.

"எதுக்கு மெதுவா? என் டிராக்டர்ல கரும்பு வரிசையில நேராப் போயி நேராத் திரும்பியே காலம் போச்சு. ஒரு தடவை வட்டமாப் போய்ப் பார்க்கறேன்" என்றார் கிழவர்.

சென்சோ கண்ணைத் துடைத்துக்கொண்டு சாவியைத் திருப்பினான்.